புகைக்கு வழிவிட்ட வீடு: ஆல்ஃபிரிஸ்டன் குருமனை

இங்கிலாந்தின் தென்கடற்கரையை ஒட்டிய கிழக்கு சசெக்ஸ் மாவட்டத்தில் ஆல்ஃபிரிஸ்டன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள். நடுவே கக்மியர் என்ற சின்ன ஆறு வளைந்து வளைந்து கடலுக்குப் போகிறது. ஆற்றங்கரையில் ஊர்ப் பொதுப் புல்வெளி, அதன் ஓரத்தில் பரிசுத்த அந்திரேயா ஆலயம், ஆலயத்துக்கு அடுத்தாற்போல் தடித்த கூரை வேய்ந்த ஒரு மரவீடு. மூன்றும் ஒரே பார்வையில் அடங்கிவிடும்.

அந்த மரவீட்டை 1896ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 10 பவுண்டு கொடுத்து வாங்கியது. பழைய கட்டடங்களையும் நிலப்பரப்புகளையும் மக்களுக்காகக் காப்பாற்றும் வேலையில் இன்று உலகப் புகழ் பெற்ற அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் இதுதான். வீட்டின் பெயர் ஆல்ஃபிரிஸ்டன் கிளர்ஜி ஹவுஸ். கிளர்ஜி என்றால் குருமார். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் ஆலயத்தை ஒட்டிக் குருவானவர் குடியிருக்கும் வீட்டைக் குருமனை என்பார்கள். அந்தச் சபைகளில் பலவும் இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷன் சங்கங்கள் வழியாக வளர்ந்தவை. அதனால் இந்த வீட்டைக் குருமனை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

14ஆம் நூற்றாண்டு வீடு இது. இந்த வகை வீட்டுக்குக் கட்டடக்கலையில் 'வீல்டன் ஹால் ஹவுஸ்' என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு விஷயம் பிடிபட்டால் வீட்டின் மற்ற எல்லாமே அதிலிருந்து தானாக விளங்கும். இந்த வீட்டுக்குப் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுத்தரையில் நெருப்பு எரியும், புகை மேலே போக வேண்டும். அந்தப் புகையை மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டைப் பாருங்கள்.

யார் வீடு?

முதலில் குடியிருப்பவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். மத்தியகால இங்கிலாந்தில் ஊர்ப் பாதிரியார் என்பவர் பாதி விவசாயி. அவருக்குச் சம்பளம் என்று ஒன்று வராது. ஆலயத்துக்கென விடப்பட்ட மானிய நிலம் இருக்கும், அதை அவரே உழலாம் அல்லது குத்தகைக்கு விடலாம். அதோடு ஊர் மக்கள் தங்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுப்பார்கள். அது காசாக வராது. தானியமாக, வைக்கோலாக, ஆட்டுக்குட்டியாக, கம்பளியாக, முட்டையாக வந்து சேரும்.

அந்தத் தசமபாகத்தை முழுதாகப் பெறும் குருவானவர் ரெக்டர், அவர் வீடு ரெக்டரி. சில ஊர்களில் ஒரு மடம் ஆலயத்தின் உரிமையை எடுத்துக்கொண்டு, பெரும்பங்கான தானியத்தைத் தன் களஞ்சியத்துக்குக் கொண்டுபோய்விடும். ஊரில் வழிபாடு நடத்த ஒரு பதிலாளை வைக்கும். அந்தப் பதிலாள்தான் விகார். லத்தீனில் அந்தச் சொல்லுக்கே 'மற்றொருவர் இடத்தில் இருப்பவர்' என்றுதான் பொருள். அவர் வீடு விகாரேஜ். ஆல்ஃபிரிஸ்டன் ஆலயம் 1398இல் பக்கத்திலிருந்த மிஷெல்ஹாம் மடத்தின் கைக்குப் போனது. அதன் பிறகு இங்கே விகார்கள்தான்.

அன்றைய குருவானவர்கள் மணம் செய்துகொள்ளக் கூடாது. ஆகவே குருமனை என்பது பெருங்குடும்பம் வாழ்வதற்காகக் கட்டியதல்ல. ஒரு குருவானவர், வீட்டு வேலைக்கு ஒருவர் இருவர், வயல் வேலைக்கு ஆள், வந்துபோகும் வழிப்போக்கர்கள், சாப்பாடு தேடி வரும் ஏழைகள். தனித்தனிப் படுக்கையறைகள் வேண்டியதில்லை, எல்லாரும் உட்காரும் ஒரு பெரிய கூடம் வேண்டும். அந்தக் கூடந்தான் ஆங்கிலத்தில் ஹால்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குருமனை என்பதற்காக இந்த வீட்டில் கோவில் அம்சம் எதையும் தேட வேண்டாம். அதே காலத்தில் சசெக்ஸிலும் கெண்டிலும் ஓரளவு வசதியான விவசாயிகள் இதே வகை வீட்டைத்தான் கட்டிக்கொண்டார்கள். ஊரோடு ஊராக வாழ்ந்த ஒருவருக்கு ஊரார் வீடு போலவே ஒரு வீடு. எனக்கு இந்த வீட்டில் மிகப் பிடித்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

நெருப்பு நடுவில், புகை மேலே

இப்போது கூடத்துக்குள் போவோம். தரையின் நடுப்பகுதியில் கல்லோ ஓடோ பதித்த ஓர் அடுப்புமேடை. அதன்மேல் விறகு எரிகிறது. சமையலுக்கும் குளிர்காய்வதற்கும் வெளிச்சத்துக்கும் அதே நெருப்புதான். சுவரோரம் வைத்தால் என்ன என்று கேட்கலாம். சுவர் மரச்சட்டமும் மண்ணும் கொண்டது, கூரை வைக்கோல். நெருப்பு எல்லாவற்றிலிருந்தும் தள்ளி இருப்பதே பாதுகாப்பு. நடுவில் இருந்தால் சுற்றிலும் ஆள் உட்காரலாம், சூடும் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும்.

புகைக்கு உயரம் வேண்டும். கூடத்துக்கு மேல் ஒரு மாடி போட்டால் புகை தலைமட்டத்தில் நின்று கண்ணைக் கரிக்கும். அதனால் கூடத்தை மட்டும் தரையிலிருந்து கூரை முகடு வரைக்கும் திறந்தபடி விட்டுவிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் நேராகக் கூரையின் உட்புறம். சூடான புகை அங்கே திரண்டு நின்று, மெதுவாகக் கூரையின் இண்டு இடுக்குகள் வழியாகவும், கூரையின் இரு கோடிகளிலும் முகட்டுக்குக் கீழே விட்டிருக்கும் சின்ன முக்கோண வாய்கள் வழியாகவும் வெளியேறும். கீழே உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேல் ஒரு புகைமேகம் மிதந்துகொண்டே இருக்கும்.

பணக்காரத் தோற்றத்துக்காகக் கூரையை உயர்த்தினார்கள் என்று சிலர் எண்ணுவதுண்டு. அதுவும் கொஞ்சம் உண்மை. வேய்ந்த கூரையில் மழைநீர் தங்காமல் வழுக்கி ஓட வேண்டும் என்பதால் எப்படியும் செங்குத்தான சரிவு தேவை. ஆனால் அந்த உயரத்தின் உள்ளே மாடி போடாமல் வெற்றிடமாக விட்டதற்குக் காரணம் புகைதான்.

புகை தொல்லை மட்டும் கொடுக்கவில்லை. கூரை வைக்கோலில் பூச்சி அண்டாமல் பார்த்துக்கொண்டது. மரச்சட்டங்களில் கரிப்பூச்சு போல ஒட்டியது. கூரையில் தொங்கவிட்ட இறைச்சியைக் கெடாமல் வைத்தது. அப்புறம், 600 ஆண்டு கழித்து வரும் ஆராய்ச்சியாளருக்கு ஒரு தடயத்தையும் விட்டுப்போனது. ஒரு பழைய வீட்டின் பரணில் ஏறி விளக்கடித்துப் பார்க்கும்போது கைமரங்கள் கரியேறிக் கறுத்திருந்தால், அதற்குக் கீழே எத்தனை மாடிகள் இருந்தாலும், அது ஆதியில் திறந்த கூடமாக இருந்தது என்று சொல்லிவிடலாம். ஒரு பாதிக் கைமரங்கள் கறுத்தும் மறுபாதி வெளுத்தும் இருந்தால், கூடம் எங்கே முடிந்து அறை எங்கே தொடங்கியது என்பதுகூடத் தெரிந்துவிடும்.

வீட்டை நடந்து பார்த்தால்

கூடம் நடுவில், இரு கோடியிலும் இரண்டு அடுக்கு அறைகள். இதுதான் வீட்டின் அமைப்பு. மூன்று துண்டாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வகை வீடுகளில் வாசல் நடுவில் இருக்காது. கூடத்தின் ஒரு கோடியில், முன்சுவரில் ஒரு கதவும் பின்சுவரில் அதற்கு நேர் எதிரே ஒரு கதவும் இருக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு நடைவழி. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம். இரண்டு கதவையும் ஓரளவு திறந்து வைத்தால் காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைத்து நெருப்பையும் புகையையும் கட்டுப்படுத்தலாம். அந்த நடைவழிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு மரத்தட்டி வைத்துக் குளிர்காற்று நேராக உள்ளே அடிக்காமல் மறைப்பார்கள்.

நடைவழிக்கு அந்தப் பக்கம் இரண்டு சின்ன அறைகள். ஒன்று பட்டரி, மற்றது பேன்ட்ரி. பட்டரி என்றதும் வெண்ணெய் நினைவுக்கு வரும், ஆனால் வெண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'பட்' என்றால் பீப்பாய். ஏல் எனும் பார்லி மதுவைப் பீப்பாயில் வைக்கும் அறை பட்டரி. பேன்ட்ரி என்பது 'பேன்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, ரொட்டி வைக்கும் அறை. குடிக்க ஓர் அறை, தின்ன ஓர் அறை என்று அவ்வளவு எளிமையாகப் பிரித்திருந்தார்கள்.

கூடத்தின் மறுகோடிதான் மரியாதைப் பக்கம். அங்கே சுவரில் முதுகு சாய்த்து, கூடத்தைப் பார்த்தபடி வீட்டுத்தலைவர் உட்காருவார். எதிரே நெருப்பு, அதற்கு அப்பால் வாசல். யார் நுழைந்தாலும் முதலில் அவர் கண்ணில் படுவார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் பார்லர் எனும் தனியறை, அதன்மேல் மாடியில் சோலார் எனும் படுக்கையறை. வீட்டில் தனிமை என்று ஒன்று இருந்தால் அது இங்கே மட்டும்தான்.

கூடத்துக்கு உயரமான சன்னல்கள் உண்டு, கண்ணாடி கிடையாது. மத்தியகாலத்தில் கண்ணாடி ஆலயங்களுக்கும் பெரும் செல்வருக்குமே கட்டுப்படியாகும். சன்னல் திறப்பில் சதுர மரக்கம்பிகளை, மூலை முன்னால் வரும்படி சாய்த்து வரிசையாக நட்டுவிடுவார்கள். குளிர் கூடினால் உள்ளிருந்து மரப்பலகையை இழுத்து மூடலாம். சன்னலைக் குறிக்கும் 'விண்டோ' என்ற ஆங்கிலச் சொல் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்ற பொருளில் பிறந்தது. கண்ணாடி இல்லாத இந்தச் சன்னல் முன் நின்றால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது புரியும்.

முகத்தில் ஒரு பள்ளம்

சரி, வெளியே வருவோம். வீல்டன் வீட்டை அடையாளம் காட்டும் உறுப்பு அதன் முகப்பில்தான் இருக்கிறது. புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடுவது இதையே. ஆகவே கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்.

இரு கோடியிலும் மாடியறைகள் இருக்கின்றன அல்லவா? அந்த மாடியறைகள் கீழறைகளைவிட முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். மாடித் தளத்தைத் தாங்கும் கட்டைகளைக் கீழ்ச்சுவரோடு நிறுத்தாமல் ஓரிரு அடி வெளியே நீட்டி, அந்த நீட்டின்மேல் மாடிச்சுவரை எழுப்புவார்கள். இந்தத் துருத்தலுக்கு ஜெட்டி என்று பெயர். மாடியில் கொஞ்சம் இடம் கூடும். அடியிலிருந்து கூரை வரை ஒரே நீள மரம் தேட வேண்டியதில்லை. மேல் சுவரின் பாரம் நீட்டிய முனையை அழுத்துவதால் தளக்கட்டைகள் நடுவில் தொய்வதும் குறையும். பார்வைக்கும் மிடுக்கு. இந்தக் காரணங்களில் எது முதன்மையானது என்று அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நடுக்கூடத்துக்கு மாடி இல்லை. மாடி இல்லையென்றால் நீட்டுவதற்குத் தளக்கட்டை இல்லை. எனவே கூடத்தின் சுவர் அடியிலிருந்து இறவாரம் வரை நேராக, கீழறைகளின் சுவர் வரிசையிலேயே எழும்பும். ஆக முகப்பின் மேல்பாதியைப் பாருங்கள்: இடப்பக்கம் துருத்தல், நடுவில் உள்வாங்கிய பள்ளம், வலப்பக்கம் மீண்டும் துருத்தல்.

இதற்கு மேல் கூரை போட வேண்டும். பள்ளத்துக்கு ஏற்பக் கூரையையும் வளைத்து வளைத்துப் போட்டால் மழைநீர் ஒதுங்கும் மூலைகள் உண்டாகும், வேய்வதும் கஷ்டம். அதற்காக ஒரே நேர்கோட்டில், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரே கூரையைப் போட்டுவிட்டார்கள். அப்படிப் போடும்போது நடுக்கூடத்தின் முன்னால் இறவாரம் சுவரைவிட்டு வெகுவாக வெளியே வந்து, கீழே தாங்கலே இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். அதைத் தாங்க, இருபுறத்துத் துருத்தல்களின் பக்கவாட்டிலிருந்து வில் போல வளைந்த முட்டுக்கட்டைகள் கிளம்பி மேலேயிருக்கும் இறவாரச் சட்டத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இந்தப் பள்ளமும், அதன்மேல் நீளும் ஒற்றை இறவாரமும், அதைத் தாங்கும் வளைமுட்டுகளும் சேர்ந்ததுதான் வீல்டன் முகப்பு. வீல்ட் என்பது கெண்ட், சசெக்ஸ், சர்ரி பகுதிகளில் பரவிக் கிடந்த பழைய காட்டுப்பகுதியின் பெயர். அங்கே இவ்வகை வீடுகள் ஏராளமாக நின்றதால் அந்தப் பெயர் வந்தது.

உள்ளே நெருப்பு எங்கே எரிந்தது என்பதை வெளியே நின்று முகப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். பள்ளம் இருக்கும் இடம் கூடம், கூடம் இருக்கும் இடம் நெருப்பு. அலங்காரமாகத் தெரியும் ஓர் உறுப்பு புகையிலிருந்து பிறந்தது என்பதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

பச்சை ஓக்கும் புளித்த பாலும்

வீட்டின் எலும்புக்கூடு ஓக் மரம். வெட்டி ஆண்டுக்கணக்கில் உலரவைத்த மரத்தை அவர்கள் பயன்படுத்தவில்லை. பச்சையாகவே, ஈரம் இருக்கும்போதே கோடரியாலும் வாய்ச்சியாலும் செதுக்கிச் சட்டமாக்கினார்கள். உலர்ந்த ஓக் இரும்பு போல இறுகிவிடும், கருவிகள் ஏறாது. பச்சை ஓக் மெத்தென்று செதுக்க வரும். வீடு கட்டி முடித்த பிறகு மரம் நின்ற இடத்திலேயே ஆண்டாண்டாக உலரும். உலரும்போது சுருங்கி முறுகும், அந்த முறுக்கில் இணைப்புகள் இன்னும் இறுகும். பழைய மரவீடுகளில் கோடுகள் எதுவும் நேராக இல்லாமல் அலைந்துகொண்டிருப்பதற்கு இதுவே காரணம். கட்டியவர்களுக்குக் கைத்திறன் போதாது என்று நினைத்துவிட வேண்டாம்.

சட்டங்களை இணைக்க இரும்பு ஆணி தேவைப்படவில்லை. ஒரு சட்டத்தின் முனையை நாக்கு போலக் கழுந்தாகச் செதுக்குவார்கள், மற்றொன்றில் அதற்கேற்ற துளை. கழுந்தைத் துளையில் செருகி, இரண்டையும் ஊடுருவும்படி ஓக் முளையை அடித்து இறுக்குவார்கள். முழுச் சட்டகத்தையும் முதலில் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்ப்பது வழக்கம். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று மறந்துபோகாமல் இருக்க, உளியால் ரோமன் எண்களைப் போன்ற கீற்றுகளை இரண்டிலும் வெட்டிவிடுவார்கள். பிறகு கழற்றி, மனைக்குக் கொண்டுபோய், வரிசைப்படி நிமிர்த்தி மாட்டுவார்கள். பல வீடுகளில் அந்தத் தச்சர்களின் குறிகள் இன்னும் தெரிகின்றன. அவர்கள் பெயர் எங்கும் பதிவாகவில்லை, அந்தக் கீற்றுகள்தான் அவர்கள் கையெழுத்து.

கூடத்தின் மேற்புறத்தில் ஒரு பெரிய உத்தரம் குறுக்கே போகும். இரண்டு சுவர்களும் கூரையின் பாரத்தில் வெளிப்புறம் விலகிவிடாமல் இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. இவ்வகை வீடுகளில் அந்த உத்தரத்தின் நடுவில் ஒரு குட்டைத்தூண் நிற்பது வழக்கம். அதற்குக் கிரவுன் போஸ்ட் என்று பெயர். அது முகடு வரை போகாது. பாதியிலேயே நின்று, வீட்டின் நீளவாக்கில் ஓடும் ஒரு சட்டத்தைத் தாங்கும். அந்தச் சட்டத்தின்மேல் கைமரங்களை இணைக்கும் குறுக்குக் கட்டைகள் உட்காரும். கைமரங்கள் சீட்டுக்கட்டு சரிவது போல ஒன்றன்மேல் ஒன்று சாயாமல் காப்பது இந்த ஏற்பாடு. வேலையை மட்டும் பார்த்தால் வெறும் கட்டை போதும். ஆனால் கூடத்தில் எல்லார் கண்ணும் அங்கே போகும் என்பதால், தூணின் தலையிலும் அடியிலும் வடிவு கொடுத்துக் கடைவார்கள்.

சட்டங்களின் இடைவெளியை நிரப்பியது வரிச்சுச் சுவர். ஓக் குச்சிகளைச் செங்குத்தாகச் செருகி, வளையும் ஹேசல் மிலாறுகளை அவற்றின் ஊடே கூடை பின்னுவது போலப் பின்னி, களிமண், சாணம், நறுக்கிய வைக்கோல் மூன்றையும் மிதித்துக் குழைத்து இருபுறமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். மண் தரையின் ஈரம் மரத்தில் ஏறாமல் இருக்க அடிச்சட்டத்தைத் தாழ்வான கல்வரிசையின்மேல் வைப்பது முறை. அந்த இடத்தில் ஈரம் ஏறிவிட்டால் மரவீட்டுக்கு அதுதான் முதல் நோய்.

ஆல்ஃபிரிஸ்டன் கூடத்தின் தரை தனிச்சிறப்பு உடையது. அந்தக் குன்றுகளின் வெண்சுண்ணக் கட்டியை நொறுக்கிக் கொட்டி, திமிசு போட்டு இடித்து, மேலே புளித்த பாலை ஊற்றி இறுக வைத்த தரை அது. பாலில் இருக்கும் புரதம் சுண்ணத்தோடு சேர்ந்து பசையாகி, பொடி கிளம்பாமல் பிடித்துக்கொள்ளும். மலையும் காடும் மாட்டுத்தொழுவமும் சேர்ந்து கட்டிய வீடு என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

எல்லாக் குருமனைகளும் மரத்தில் கட்டியவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆல்ஃபிரிஸ்டனுக்குப் பக்கத்திலேயே வெஸ்ட் டீன் என்ற ஊரில் 13ஆம் நூற்றாண்டுக் குருமனை ஒன்று இருக்கிறது, அது தடித்த சக்கிமுக்கிக் கல் சுவர். சோமர்செட்டில் மச்செல்னி என்ற ஊரில் 1308இல் ஏற்படுத்திய குருமனையும் கல்வீடுதான், கூரை மட்டும் வேய்ந்தது. அந்தந்த ஊர் மண் எதைக் கொடுத்ததோ அதில் கட்டினார்கள்.

புகைபோக்கி வந்த பிறகு

16ஆம் நூற்றாண்டில் செங்கல் மலிந்தது. சுவரோடு ஒட்டிய கணப்பும் அதன்மேல் செங்கல் புகைபோக்கியும் ஊர் வீடுகளுக்குள் வரத் தொடங்கின. எஸெக்ஸில் ராட்வின்டர் என்ற ஊரின் குருவானவர் வில்லியம் ஹாரிசன் 1577இல் இங்கிலாந்தைப் பற்றி வெளியிட்ட வர்ணனையில் இந்த மாற்றத்தைப் பதிந்துவைத்தார். தம் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் வாழ்நாளில் வியந்த மூன்று மாற்றங்களில், திடீரென்று பெருகிவிட்ட புகைபோக்கிகளும் ஒன்று என்கிறார். முன்பு கூடத்துப் புகை வீட்டுமரத்தையும் உறுதியாக்கியது, வீட்டாரையும் சளித்தொல்லையிலிருந்து காத்தது, இப்போது புகைபோக்கி வந்தபிறகு எல்லாருக்கும் சளியும் தலைவலியும் என்று குறைப்பட்டுக்கொள்கிறார். ஒரு குருமனையிலிருந்தே அந்தக் குரல் வருவது இந்தக் கதைக்குப் பொருத்தமாக இருக்கிறது.

புகை ஒரு குழாய்க்குள் அடங்கிவிட்டால் கூடம் திறந்திருக்கக் காரணம் இல்லை. பெரும்பாலான வீடுகளில் உடனே கூடத்தின் நடு உயரத்தில் ஒரு மாடியைப் போட்டு, மேலே இரண்டு அறைகளை உண்டாக்கிக்கொண்டார்கள். கூடம் சுருங்கி ஒரு சாதாரண அறையானது. ஆங்கிலேயர்கள் இன்று வாசலுக்கு அடுத்த குறுகலான நடையை 'ஹால்' என்று சொல்வது, அந்தப் பெரிய கூடத்தின் பெயர் மட்டும் தப்பிப் பிழைத்த மிச்சம்.

குருமனைகளுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. இங்கிலாந்துத் திருச்சபை ரோமை விட்டுப் பிரிந்த சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு 1549இல் குருமார் மணம் செய்துகொள்ளச் சட்டம் இடங்கொடுத்தது. இடையில் மேரி அரசி அதை விலக்கினாலும், எலிசபெத் காலத்தில் வழக்கம் திரும்பி வந்து நிலைத்தது. மனைவி, பிள்ளைகள், படிப்பறை, புத்தகங்கள். ஒற்றை ஆளுக்காகக் கட்டிய வீடு போதாமல் போனது. வசதியுள்ள ஊர்களில் பழையதை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டினார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் எழும்பிய செங்கல் ரெக்டரிகள்தான் இன்று பலர் மனத்தில் இருக்கும் குருமனைச் சித்திரம்.

ஆல்ஃபிரிஸ்டன் வீட்டை யாரும் இடித்துப் பெரிதாக்கவில்லை. சில குருவானவர்கள் அதில் வாழ்ந்தது உண்மை. ஆனால் நெடுங்காலம் அது வாடகை வீடாகவே இருந்தது, கூலித்தொழிலாளிகள் குடியிருந்தார்கள். சொத்து சபைக்கு உரியது, குடியிருப்பவர் செலவு செய்யமாட்டார், சபைக்கும் அதில் வருமானம் குறைவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வீடு விழும் நிலைக்கு வந்தது. இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

அதைத் தடுக்க நின்றவர் அவ்வூர் விகார் எஃப். டபிள்யூ. பெய்னன். பழைய கட்டடங்களைக் காக்க வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய சங்கத்தின் கதவைத் தட்டினார். பிறகு ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி மூவரும் 1895இல் நிறுவிய நேஷனல் டிரஸ்ட் கைகொடுத்தது. அந்த 10 பவுண்டு பெயருக்கு வாங்கிய விலை. வீட்டைப் பழுதுபார்க்கத்தான் பெரும்பணம் வேண்டியிருந்தது, அதைப் பொதுமக்களிடம் கேட்டுத் திரட்டினார்கள்.

பழுதுபார்த்தவர் ஆல்ஃபிரட் பவல் என்ற கட்டடக்கலைஞர். மோரிஸ் சங்கத்தின் வழி தெளிவானது: பழைய கட்டடத்தைப் புதுசு போல ஆக்காதே, விழாமல் தாங்கு, கெட்டதை மட்டும் மாற்று, மாற்றியது மாற்றியதாகவே தெரியட்டும். அன்றைக்குப் பலர் மத்தியகாலக் கட்டடங்களைச் 'சீரமைக்கிறேன்' என்று சுரண்டித் தேய்த்து உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைகளில் இந்த வீடு சிக்கவில்லை என்பதை நினைத்தால் ஆறுதலாக இருக்கிறது.

இன்று போனால் கூரைமேல் செங்கல் புகைபோக்கி ஒன்று தெரியும், அது பின்னால் வந்தது. கூடத்தினுள் ஓரிடத்தில் மரத்தில் செதுக்கிய ஓக் இலை ஒன்று இருக்கிறது. நேஷனல் டிரஸ்டின் சின்னமான ஓக் இலை இதிலிருந்துதான் வந்தது என்று பலர் நம்புகிறார்கள். அதைப் பார்த்த பிறகு கூடத்தின் நடுவில், வெள்ளைத் தரையில், நெருப்பு எரிந்திருக்கக்கூடிய இடத்தில் நின்று நிமிர்ந்து பாருங்கள். நடுவே ஒரு தளமும் மறைக்காமல், பார்வை நேராகக் கைமரங்கள் வரை போகும்.